எந்த ஊர் மணி?
தார் எஸ் சலாமும் அடிலெய்டும் நம் மண்டியும்

துவரம் பருப்பின் விலை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருக்கும்போது, மொத்தக் கடைக்காரர்கள் மனம் போனபடி விலை சொல்கிறார்கள் என்று மளிகைக் கடை அன்பர்கள் வருத்தப்படுவது உண்டு. விலை ஏறி இறங்கப் பல காரணங்கள் இருக்கின்றன. அறுவடை, மழை, கப்பல் கூலி, டாலர் மதிப்பு, டெல்லி உத்தரவு ஆகியவற்றைப் பற்றி இது போன்ற இதழ்களில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் எழுதப்படாத ஒரு காரணம் கடிகாரம். நாம் கடை திறக்கும் நேரத்தில் சரக்கு அனுப்புகிறவர் ஊரில் மணி என்ன, அவர் கடை திறந்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்பதைப் பொறுத்தும் வியாபாரம் நடக்கிறது.

இதை விளக்க இரண்டு துறைமுக ஊர்களை எடுத்துக் கொள்வோம். ஒன்று, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் டான்சானியா நாட்டில் உள்ள தார் எஸ் சலாம். துவரையும் முந்திரிக் கொட்டையும் பச்சைப் பயறும் அங்கிருந்து வருகின்றன. மற்றொன்று, ஆஸ்திரேலியாவின் தென்கரையில் உள்ள அடிலெய்டு. நாம் மைசூர்ப் பருப்பு என்று விற்கும் சரக்கு அந்தப் பக்கத்தில் விளைகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒன்று நமக்கு மேற்கே, மற்றொன்று கிழக்கே. இரண்டு ஊர்ச் சரக்கும் நம் கடையில் அடுத்தடுத்த டின்களில் இருக்கின்றன.

மணிக் கணக்கின் அடிப்படை

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம். வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவருக்குச் சூரியன் முன்னதாக உதிக்கிறது, மேற்கே இருப்பவருக்குப் பின்னதாக உதிக்கிறது. இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி இருக்கும். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சென்னை வானாய்வுக் கூடத்தை வைத்துக் கணக்கிட்ட மதராஸ் நேரத்தில்தான் ரயில்கள் ஓடின. அது இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது.

1906ல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. அப்போதும் எல்லா ஊரும் உடனே ஒத்துக் கொள்ளவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தையும் விடாமல் வைத்திருந்தன. சூரியக் கணக்குப்படி பார்த்தால் இன்றும் தூத்துக்குடி இந்திய நேரத்துக்கு 17 நிமிடம் போலப் பின்னால்தான் இருக்கிறது. எல்லோரும் ஒப்புக் கொண்டதால் அது நமக்குத் தெரிவதில்லை.

இதிலிருந்து நாம் அறிவது, மணி என்பது படியும் எடையும் போல மனிதர்கள் கூடிச் செய்து கொண்ட ஏற்பாடு என்பதே. ஒரு ஊர்ப் படி இன்னொரு ஊரில் செல்லாத காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் விலை பேசியதில்லை. மணிக்கும் அந்தக் கேள்வி வேண்டும்.

தார் எஸ் சலாம்: சூரியன் வைத்த கணக்கு

தார் எஸ் சலாமின் அரசாங்க நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நமக்குக் காலை 10 என்றால் அங்கே 7.30. ஆண்டு முழுவதும் இதில் மாற்றம் இல்லை. இது வரை கணக்கு எளிது.

ஆனால் அந்த ஊர் மக்கள் பேசும் சுவாஹிலி மொழியில் மணி சொல்லும் முறையே வேறு. அவர்கள் சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நாம் காலை 7 மணி என்பது அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது மணி ஒன்று. நம்முடைய காலை 10 அவர்களுக்கு 'ஸா ந்னே', மணி நான்கு. உச்சிப் பொழுது மணி ஆறு. மாலை 7 ஆனதும் மறுபடியும் இரவு மணி ஒன்று தொடங்குகிறது. கடிகார முகப்பில் முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் சுவாஹிலி மணி கிடைத்து விடும். ஆறைக் கூட்டினாலும் கழித்தாலும் சரி.

இது நமக்கு விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஜாதகத்தில் உதயாதி நாழிகை என்று எழுதுகிறோமே, அது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதுதான். 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். நம் பஞ்சாங்கத்துக்கும் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். நாம் அந்தக் கணக்கைப் பஞ்சாங்கத்தில் மட்டும் வைத்துக் கொண்டோம், அவர்கள் கடைத்தெருவிலும் வைத்துக் கொண்டார்கள்.

அவர்களால் அப்படி வைத்துக் கொள்ள முடிந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 7 பாகைக்குள் இருக்கிறது. பகல் நேரம் ஆண்டு முழுவதும் பதினொன்றே முக்கால் மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையிலேயே நிற்கிறது. சூரியன் என்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உதிக்கிற ஊரில் சூரியனை வைத்து மணி சொல்வதில் தவறு வராது. நம் தூத்துக்குடியின் பகலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இங்கே வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பேசினால் அவர்களும் நம்மைப் போலவே மணி சொல்வார்கள். சுவாஹிலியில் பேசினால் ஆறு மணி வித்தியாசம். தரகர் ஒருவர் சுவாஹிலியில் கேட்டதை அப்படியே எண் மாற்றாமல் நம்மிடம் சொல்லி விட்டால், காலை 10க்கு வர வேண்டிய லாரியை 4 மணிக்கு எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கிழமையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர்களுக்கு வாரம் சனிக்கிழமையில் தொடங்குகிறது. சனி முதல் நாள், ஞாயிறு இரண்டாம் நாள் என்று எண்ணிக் கொண்டே வந்து புதன்கிழமையை ஐந்தாம் நாள் என்கிறார்கள். அடுத்த வியாழனுக்கு வைத்திருக்கும் பெயர் அரபியிலிருந்து வந்தது. அதற்கும் பொருள் ஐந்தாம் நாள்! ஆகவே கிழமை சொல்லிப் பேரம் பேசுவதை விடத் தேதி சொல்லிப் பேசுவது நல்லது.

ஊர் வாழ்க்கையைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. விடியுமுன்னே தொழுகை, விடிந்ததும் துறைமுகத்தை ஒட்டிய மீன் சந்தையில் ஏலம். கடற்கரை மக்கள் காலை உணவுக்குத் தேங்காய்ப் பாலில் வேக வைத்த துவரையை, எண்ணெயில் பொரித்த மாண்டாசியுடன் சாப்பிடுகிறார்கள். துவரைக்கு அவர்கள் மொழியில் 'ம்பாசி' என்று பெயர், பச்சைப் பயறு 'சொரோக்கோ', முந்திரி 'கொரோஷோ'. சின்னக் கடைக்கு 'டுக்கா'. சர்க்கரையும் எண்ணெயும் அன்றாடத் தேவைக்கு ஏற்பச் சிறு அளவுகளில் விற்கிற கடை அது. பணம் 'பெசா', லட்சம் 'லாக்கி', ஆட்டோ ரிக்ஷா 'பஜாஜி', சப்பாத்தி 'சப்பாத்தி'யே. இந்தச் சொற்களில் பல நம் நாட்டு வணிகர்களோடு கடல் தாண்டிப் போனவை. மரக்கலங்களின் காலத்தில் இரு கரைகளுக்கும் ஒரே கடிகாரம்தான் இருந்தது, அது பருவக்காற்று. வடகிழக்குக் காற்றில் போய், தென்மேற்குக் காற்றில் திரும்பினார்கள்.

அந்த ஊரின் பெரிய மொத்த வியாபார இடம் கரியாக்கூ. முதல் உலகப் போரில் சுமை தூக்கும் படை தங்கியிருந்த இடம், அந்தப் படையின் ஆங்கிலப் பெயரே திரிந்து கரியாக்கூ ஆயிற்று. 2021 ஜூலையில் அதன் பிரதான அங்காடிக் கட்டடம் தீக்கிரையானது.

துவரை டான்சானியாவில் பெரும்பாலும் நம்மை நம்பியே பயிராகிறது. 2017 ஆகஸ்டில் நம் அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வைத்தபோது அங்குள்ள விவசாயிக்கு விலை சரிந்தது. 2021 மே மாதத்தில் கட்டுப்பாடு விலக்கப்பட்டதும் நிலைமை திரும்பியது. டெல்லியில் மாலை 6 மணிக்கு ஓர் உத்தரவு வெளியானால் தார் எஸ் சலாமில் பிற்பகல் 3.30. கடைகள் திறந்திருக்கும் நேரம். அன்றே அங்கு விலை மாறி, மறுநாள் காலை நம் மண்டி திறப்பதற்குள் புது விலை தயாராக இருக்கும். முதல் நாள் மாலை கேட்ட விலை மறுநாள் காலையில் இல்லாமல் போவது இப்படித்தான்.

அடிலெய்டு: சட்டம் வைத்த கணக்கு

அடிலெய்டில் நிலைமை நேர் மாறானது. அந்த ஊர் தெற்கே 35 பாகையில் இருக்கிறது. நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர். டிசம்பர் கடைசியில் பகல் சுமார் பதினாலரை மணி நேரம், ஜூன் மாதத்தில் பத்து மணி நேரம் கூட இல்லை. சூரியன் இவ்வளவு ஏறி இறங்கும் ஊரில் உதயத்தை வைத்து மணி எண்ண முடியாது. ஆகவே சட்டம் போட்டுக் கடிகாரத்தை நகர்த்துகிறார்கள்.

1895ல் தெற்கு ஆஸ்திரேலியா கிரீன்விச்சுக்கு 9 மணி முன்னதாக நேரம் வைத்துக் கொண்டது. மெல்போர்ன் நேரத்திலிருந்து ஒரு மணி விலகி நிற்பது தொழிலுக்கு இடைஞ்சல் என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். மாலையில் விளையாட வெளிச்சம் போதவில்லை என்று கிரிக்கெட், கால்பந்து ஆட்டக்காரர்களும் சேர்ந்து கொண்டார்கள். 1899ல் நேரம் அரை மணி முன்னுக்குத் தள்ளப்பட்டது. கடிகாரத்தை நகர்த்தியதில் வணிகர் குரலுக்கும் பங்கு இருந்தது என்பதை நம் சங்க அன்பர்கள் குறித்துக் கொள்ளலாம்.

அந்த அரை மணியால் நமக்கு ஒரு வசதி. இந்திய நேரமும் அரை மணிக் கணக்கில் இருப்பதால் நிமிட முள் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் நிற்கும். மணி முள் மட்டும் 4 மணி முன்னால்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 என்று திருப்பி வைக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை 3ஐ மறுபடி 2 ஆக்குகிறார்கள். கோடையில் மாலை வெளிச்சம் வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1971ல் தொடங்கி இன்று வரை நடக்கிறது. ஆகவே அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வித்தியாசம் 5 மணி, மற்ற மாதங்களில் 4 மணி. அங்கே மைசூர்ப் பருப்பு அறுவடை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. நாம் மிகுதியாகப் பேரம் பேசும் பருவத்துக்குச் சற்று முன்புதான் கடிகாரம் நகர்கிறது.

ஞாபகம் வைக்க ஓர் எளிய வழி. 2020 டிசம்பரில் அடிலெய்டில் நம் அணி 36 ரன்னில் சுருண்ட பகலிரவு டெஸ்ட் ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். நம் கடைத் தொலைக்காட்சியில் காலை 9.30க்கு ஆட்டம் தொடங்கியது, அங்கே பிற்பகல் 2.30. கோடை வித்தியாசம் 5 மணி என்பதற்கு அதுவே சாட்சி.

ஊர் வாழ்க்கையிலும் சட்டம்தான் மணி அடிக்கிறது. அலுவலகங்கள் மாலை 5 மணியோடு மூடி விடும். அதற்குப் பிறகு தொலைபேசியில் பிடிப்பது கடினம். கோடையில் இரவு 8 மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் மக்கள் டிராமில் ஏறி கிளெனெல்க் கடற்கரைக்குப் போவார்கள். 1869ல் தொடங்கிய மத்திய அங்காடியில் காய்கறி, பழம், பாலாடைக்கட்டி, மசாலாப் பொருள்கள் எல்லாம் விற்கின்றன. அங்கும் வாரத்தில் எல்லா நாளும் வியாபாரம் கிடையாது.

நம் போன்ற சிறு வியாபாரிகள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. 1977ஆம் ஆண்டுக் கடை நேரச் சட்டப்படி பெரிய கடைகள் திறக்கும், மூடும் நேரத்தை அரசே வரையறுக்கிறது. 400 சதுர மீட்டருக்கு மேற்படாத உணவுப்பொருள் கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெரிய கடை மூடிய பிறகும் சின்னக் கடை வியாபாரம் செய்யலாம். அந்த மாநிலத்தில் தனியார் மளிகைக் கடைகள் மற்ற மாநிலங்களை விட வலுவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். நம் மாநிலத்தில் 2019ல் வந்த உத்தரவு பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதி தந்தது. எது சரி என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. கடிகாரத்தை எப்படி வைப்பது என்பது யாருக்கு வியாபாரம் போகும் என்பதையும் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்லத்தான் இது.

மூன்று ஊரும் ஒரே நாளில்

அடிலெய்டு அலுவலகம் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், நம் கடிகாரத்தில் அது விடியற்காலை 5 முதல் பகல் 1 வரை. அவர்கள் கோடையில் விடியற்காலை 4 முதல் நண்பகல் 12 வரை. தார் எஸ் சலாமில் காலை 8 முதல் மாலை 4 வரை என்றால், நமக்கு காலை 10.30 முதல் மாலை 6.30 வரை.

இரண்டு ஊரையும் ஒரே வேளையில் பிடிக்க வேண்டுமானால் காலை 10.30 முதல் நண்பகல் 12 வரைதான் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் நேரம். மண்டியில் கூட்டம் அலைமோதும் நேரமும் அதுதான். நாங்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தொலைபேசியும் கையுமாக இருப்பதைப் பார்த்துச் சரக்கு எடுக்க வந்த கடைக்காரர்கள் கோபித்துக் கொள்வது உண்டு. காரணம் இப்போது விளங்கும்.

வெள்ளிக்கிழமையில் அந்த நேரம் முழுவதும் ராகு காலம். அதைப் பார்ப்பவர்கள் வியாழனே பேசி முடித்து விடுவது நல்லது. ராகு காலமும் ஊருக்கு ஊர் மாறுவதுதான். பகல் பொழுதை எட்டாகப் பிரித்த ஒரு பங்கு அது. நமக்கு ஒன்றரை மணி என்றால் அடிலெய்டில் டிசம்பர் மாதம் அது ஒன்றே முக்கால் மணிக்கும் மேலே போகும். தார் எஸ் சலாமில் வெள்ளி நண்பகல் தொழுகை நேரம், நமக்குப் பிற்பகல் 3 மணியை ஒட்டி வரும். அப்போது அங்கே பலரைப் பிடிக்க முடியாது. அடிலெய்டுக்கு வெள்ளி நண்பகலுக்குப் பின் அனுப்பும் கேள்விக்குத் திங்கள்தான் பதில்.

ஒரு மணி நேரத்தின் விலை

எங்கள் வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு வியாபாரிக்கு அடிலெய்டிலிருந்து வெள்ளிக்கிழமை மைசூர்ப் பருப்புக்கு விலை வந்தது. செவ்வாய் மாலை 5 மணி வரை அந்த விலை செல்லும் என்று எழுதியிருந்தது. அவர் விவரம் தெரிந்தவர். அங்கே 5 என்றால் நமக்கு பகல் 1 என்று குறித்துக் கொண்டார். திங்கள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை என்பதும் அவருக்குத் தெரியும். செவ்வாய் காலை மண்டி விற்பனையைப் பார்த்து விட்டு 12.20க்குச் சம்மதம் அனுப்பினார். இடையில் வந்த ஞாயிறு அக்டோபர் முதல் ஞாயிறு. அங்கே மணி 5.20. விலை காலாவதியாகி விட்டது என்று மறுநாள் பதில் வந்தது. புது விலை கூடுதல். இரண்டு கன்டெய்னர் சரக்கு. அதே தரத்தைப் பக்கத்துக் கடைக்காரர் பழைய விலையில் வாங்கியிருந்ததால், இவர் வாடிக்கையாளர்களைக் கைவிடாமல் இருக்க லாபமின்றி விற்க நேர்ந்தது. யார் மீதும் குற்றமில்லை. விற்பவர் எழுதியதும் உண்மை, வாங்கியவர் கணக்கும் வெள்ளிக்கிழமை வரை உண்மை.

நாம் செய்ய வேண்டியவை

விலை கேட்கும்போதும் கொடுக்கும்போதும் எந்த ஊர் மணி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்திய நேரம் இத்தனை மணி வரை என்று எழுதி அனுப்பினால் பிறகு பேச்சுக்கே இடமில்லை. வாட்ஸ்அப்பில் செய்திக்குப் பக்கத்தில் தெரிவது நம் கைபேசியின் நேரம். செய்திக்குள் அவர் எழுதிய 5 மணி தானாக மாறாது.

கிழமையோடு தேதியும் வேண்டும். சுவாஹிலியில் பேசும் தரகரிடம் காலையா மாலையா என்று கேட்பதோடு, ஆங்கில மணியா உள்ளூர் மணியா என்றும் கேட்க வேண்டும்.

வங்கிக் கடன் பத்திரம் திறப்பவர்கள் முடிவு தேதி எந்த ஊரில் என்பதைப் பார்க்க வேண்டும். சர்வதேச வங்கி விதியான யு.சி.பி. 600ன்படி, தன் அலுவல் நேரத்துக்கு வெளியே வரும் ஆவணத்தை ஏற்க வங்கிக்குக் கடமை இல்லை. எந்த வங்கியில் ஆவணம் கொடுக்க வேண்டுமோ அந்த ஊர்க் கடிகாரமே அங்கு செல்லும்.

நாட்காட்டியில் சில தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கலாம். அக்டோபர், ஏப்ரல் மாதங்களின் முதல் ஞாயிறு அடிலெய்டு கடிகாரம் மாறும் நாள். டான்சானியாவில் ஜூலை 7 'சபா சபா' என்னும் வணிகத் திருநாள், ஆகஸ்ட் 8 'நானே நானே' என்னும் உழவர் திருநாள். ஜனவரி 26 நமக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சேர்ந்தே விடுமுறை.

சில்லறைக் கடை அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை 9 மணிக்குக் கேட்கும் துவரை விலை, முதல் நாள் மாலை அங்கு நின்ற விலையை வைத்துச் சொல்லப்படுவது. தார் எஸ் சலாம் அப்போதுதான் விழித்துக் கொண்டிருக்கிறது. பகல் 12 மணிக்குள் மூன்று ஊரும் பேசி முடித்திருக்கும். விலை ஆட்டம் கண்டிருக்கும் நாட்களில் அவசரத் தேவைக்கு மட்டும் காலையில் எடுத்து, மீதியை மதியத்துக்கு மேல் கேட்டுப் பாருங்கள். விலை குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது அன்றைய விலையாக இருக்கும்.

நிறுக்கும் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். கடிகாரத்துக்கு முத்திரை வைக்கும் அலுவலகம் கிடையாது. எந்த ஊர் மணி என்ற கேள்வியை நாமே கேட்டு, பதிலை நாமே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.